உடன்பிறந்தவர் அல்ல

இன்னைக்குப் பாத்து வந்து உக்காந்தேன் பாரு, என் நேரம். எனக்கு முன்னால எவளோ ஒருத்தி ஒரு மூட்டை மொளகா வத்தலக் கொண்டாந்து கொட்டியிருக்கா, மில்லு பூரா செவப்பாப் பறக்குது, தும்மித் தும்மி நெஞ்சே நொந்துபோச்சு. மில்லுக்கார அண்ணாச்சி மூக்குல துண்டக் கட்டிக்கிட்டு, "மதினி, வத்தல் ஓடி முடியணும், பெறகு கொஞ்சம் அரிசி போட்டு மிஷினத் தொடைக்கணும், அப்புறந்தான் ஒங்க பிரசவ மருந்து. இல்லேன்னா பெத்தவ வயிறு காந்திரும், பொறுங்க"ன்னுட்டாரு. பொறுக்கேன், பொறுக்காம எங்க போக. மடியில டப்பா, டப்பாக்குள்ள சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும், வறுத்த சூடு இன்னும் தொடையில உறைக்குது. இடுப்புல சொருகின பைக்குள்ள போனு. அது எப்ப அடிக்குமோன்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிடுதேன். வக்கீல் பிள்ள கூப்பிடும். கனடாவுல விடிஞ்சதும் கூப்பிடுதேன்னு சொல்லியிருக்கா, இங்க கோயில்பட்டியில வெளக்கு வைக்கிற நேரம் அங்க விடியக்காலம். அவ கூப்பிட்டா நான் ஒண்ணு சொல்லியாகணும். சரி, நீயே எங்க கேஸப் பாரும்மான்னு சொல்லணும், இல்ல வேண்டாம் தாயின்னு சொல்லணும். எம் மக சுபா அங்க மாசமா இருக்கா, நான் போயி அவ பிரசவத்தப் பாக்கணும், அதுக்கு விசா. விசாவுக்கு வக்கீல். யாராவது சிரிப்பாகளா மாட்டாகளா? பிள்ளப்பேறு பாக்கப் போற தாய்க்கு வக்கீலாம். எங்க ஊர்ல வக்கீலத் தேடிப் போனா ஒண்ணு வரப்புத் தகராறு, இல்லேன்னா புருசன் பொண்டாட்டி தகராறு. இதுல நான் என்ன தகராறு பண்ணேன்? ஒரு வார்த்த சொன்னேன். அண்ணன்னு சொன்னேன். அம்புட்டுதான்.

அத நெனச்சாத்தான் ஆத்திரம் ஆத்திரமா வருது. சவுந்தரபாண்டி அண்ணன் கனடாவுல ரொம்ப வருசமா இருக்கு. மொதல்ல கப்பல்ல வெல்டரு, பெறகு அங்கயே கரையேறி வேல, வீடு, குடியுரிமை எல்லாம். அது மகன் கல்யாணத்துக்கு என்னக் கூப்பிட்டுச்சு. அப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பிரவுசிங் சென்டர்ல வச்சு பாரம் நிரப்பினோம். கம்ப்யூட்டர் முன்னால இருந்தவரு கேட்டாரு, "கூப்பிடுதவரு ஒங்களுக்கு யாரு?" அண்ணன்னேன். அவரு தட்டினாரு, பிரதர். "ஆமாவா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். பிரதர்னா அண்ணன்தான, அது எனக்குத் தெரியாதா, ஆறாங்கிளாஸ்ல படிச்சதுதான. விசா வந்துச்சு, போனேன், கல்யாணம் பாத்தேன், திரும்பி வந்தேன், ஒரு குத்தமும் இல்ல. இப்ப சுபாவுக்காகப் போட்ட பாரத்துல ஒரு பக்கம் பூரா குடும்பம். அப்பா பேரு, அம்மா பேரு, கூடப் பொறந்தவுக எத்தன பேரு. சுபா போன்ல கேட்டா, நான் சொன்னேன், எனக்கு ஏது கூடப் பொறப்பு, நான் ஒத்தப் பிள்ளைல்லா. அவளும் யாருமில்லேன்னு போட்டா. அதுவும் நெசந்தான. எங்க அய்யாவுக்கும் அம்மைக்கும் நான் ஒருத்திதான். அங்க விசா ஆபீஸ்லருந்து கடுதாசி வந்திருக்கு. முன்னால அண்ணன் இருக்காருன்னு சொன்னீங்க, இப்ப யாருமே இல்லேங்கிறீங்க, இதுல எது பொய்? விளக்கம் குடுங்க, சரியா இல்லேன்னா அஞ்சு வருசம் உள்ள வரக் கூடாது. அஞ்சு வருசம்! ரெண்டும் நெசம்யா, ரெண்டும் நெசம். சவுந்தரபாண்டி எங்க பெரியப்பா மகன். பெரியப்பா மகன் அண்ணன் இல்லாம பின்ன மாமனா?

கஸின்னு சொல்லியிருக்கணுமாம். சுபா சொல்லுதா, "அம்மா, இங்க அப்படித்தாம்மா, பெரியப்பா பிள்ளைக எல்லாம் கஸின்." கஸின்னா யாருடீன்னு கேட்டேன். "பெரியப்பா பிள்ள, சித்தப்பா பிள்ள, அத்த பிள்ள, மாமா பிள்ள எல்லாருந்தான்"னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அத்த மகனும் பெரியப்பா மகனும் ஒண்ணா? கருமம் கருமம். அத்த மகன் அத்தான், மொறைப் பையன், கேலி பேசலாம், கட்டிக்கிடலாம். பெரியப்பா மகனப் போயி அப்படி ஒரு பேருக்குள்ள தள்ளுறதா? நாக்குக் கூசாது? அந்த ஊர்ல ஆளுகளுக்கு ரொம்பப் படிப்பு இருக்கலாம், ஆனா யார் மொகத்தப் பாத்துக் கேலி பண்ணலாம், யார் வந்தா எந்திரிச்சு நிக்கணும்னு ஒரு வார்த்தையில பிரிக்கத் தெரியலியே. அதுக்காக நம்ம ஊரும் ஒழுங்கான்னு கேட்டா, அதுவும் கெடையாது. இந்தா இந்த மில்லுக்காரர நான் அண்ணாச்சிங்கேன். அவரு என்ன மதினிங்காரு, அண்ணன் பொண்டாட்டியக் கூப்பிடுத மாதிரி. நான் தங்கச்சின்னா எப்படிய்யா ஒமக்கு மதினியாவேன்? அந்த ஆபீசர் மட்டும் இங்க வந்து ஒரு நாள் உக்காந்தாருன்னா, பைத்தியம் பிடிச்சு சட்டையக் கிழிச்சுக்கிட்டுப் போவாரு. பஸ்ஸுல டிக்கெட் குடுக்கிறவரு அண்ணாச்சி, பலசரக்குக் கடைக்காரரு அண்ணாச்சி, ஓட்டுக் கேட்டு வாறவன் பூராம் அண்ணாச்சி. ஆனா அவுக யாரையும் நான் அண்ணன்னு பாரத்துல எழுதலியே. எனக்கு யாரு அண்ணன்னு எனக்குத் தெரியாதா? அச்சு. இந்த வத்தல் வேற. அந்தப் பொம்பள என்னப் பாத்து, "கொஞ்சந்தான் மதினி, முடிஞ்சிரும்"ங்கா. இவளும் மதினிங்கா பாரு.

இங்க மெயின் ரோட்டுல ஒரு விசா கன்சல்டன்சி. ஜெயசீலன்னு பேரு, கழுத்துல டை, ஏசி ரூமு. நேத்து அவன்கிட்டப் போயிக் கேட்டேன். அவன் கடுதாசியப் படிச்சிட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சான், "இதுக்கெல்லாம் வக்கீல் எதுக்குக்கா? கூடப் பொறந்தவுக எடத்துல அவரு பேரச் சேத்துருவோம். முன்ன மறந்துட்டேன், இந்தா சேத்துட்டேன்னு ஒரு வரி. ரெண்டும் ஒத்துப்போயிரும், சோலி முடிஞ்சுது"ன்னான். பொய்தான். பொய்யின்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா அவன் ஸ்க்ரீன்ல தட்டிக் காமிச்சான் பாரு, கூடப் பொறந்தவர்னு இருந்த கட்டத்துக்குள்ள சவுந்தரபாண்டின்னு வந்து உக்காந்துச்சு. அதப் பாத்ததும் எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. நெசத்தச் சொல்லணும்ல? பொய்யா அது? அது அங்கதான இருக்கணும்? வேற யாரு இருக்கா எனக்கு அந்தக் கட்டத்துல உக்கார? எங்க அய்யா லாரியில அடிபட்டுச் செத்தப்ப எனக்கு விவரம் தெரியாது. பெரியப்பா ரெண்டு நாளு வந்து நின்னாரு, காரியம் முடிஞ்சது, போயிட்டாரு. அண்ணன் போகல. அன்னைலேருந்து எங்க வீட்டுல எதுக்கும் ஆம்பள யாரு வருவான்னு கேட்டா, அது வந்து நிக்கும். சொல்லி விடவே வேண்டாம். எனக்கு மாப்பிள பாத்த கதைய இப்ப நெனச்சாலும் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வரும். மாப்பிளைக்குப் பாத்திரக்கடை. ஜாதகம் பாத்தாச்சு, எல்லாரும் சரின்னாச்சு. அண்ணன் மட்டும் வாயத் தெறக்கல. மறுநா கடைக்கு யாரோ மாதிரிப் போயி, தம்ளர் வேணும்னு கேட்டுச்சாம். இது ஒயரம், இது குட்ட, இது வெளிம்பு கூரு, இது எடை கம்மின்னு கடையில இருந்த தம்ளர் பூராத்தையும் எறக்க வச்சிருக்கு. கடைசியில ஒண்ணும் வேண்டாம்னு எந்திரிச்சிருச்சாம். எங்க வீட்டுக்காரவுக மொகம் சுளிக்காம எல்லாத்தையும் தொடச்சுத் தொடச்சு அடுக்கினாகளாம், நடுவுல கடைப்பையன் கை நழுவி ஒண்ணக் கீழ போட்டப்பவும் ஏசலியாம். அண்ணன் வந்து சொல்லுச்சு, "பிள்ள, இவரு கோவப்பட மாட்டாரு, தைரியமாக் கட்டிக்கோ." கட்டிக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு சுடுசொல்லு கெடையாது. வக்கீல் வைக்கவா வேண்டாமான்னு அவுககிட்டக் கேட்டா, "ஒனக்கு எது தோணுதோ அதச் செய்யி"ங்காக. அந்தப் பொறுமையக் கொண்டு ஒடப்புல போட. ஆனா மாப்பிள பாக்குறதுன்னா என்னன்னு அண்ணன்கிட்டத்தான் படிக்கணும். நான் பாத்த ஆம்பளைகள்ல அப்படிப் புத்தி யாருக்கும் இல்ல.

அந்தக் கட்டத்துல பேர வச்சாச்சுன்னா போதும்னு நேத்துச் சாயங்காலம் வரைக்கும் நெனச்சேன். ராத்திரிச் சோத்துக்கு உக்காந்தப்பத்தான் ஒண்ணு ஒறைச்சுது. அண்ணன் பாஸ்போர்ட்டுல அது அப்பா பேரு இருக்கும், என் பாஸ்போர்ட்டுல எங்க அய்யா பேரு. ரெண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ஆபீசருக்குத் தெரியாமப் போயிருமா? அப்ப பொய் சொன்னவ நான்தான. இதுவரைக்கும் நான் பொய் சொல்லல. அந்தக் கட்டத்துல எழுதினாத்தான் பொய். என்ன கூத்து இது, மனசுக்கு நெசமாத் தோணுறது பாரத்துல பொய்யி. அஞ்சு வருசம் கதவடைச்சிட்டான்னா? சுபாவுக்கு இது ரெண்டாவது. மொதப் பிள்ள தங்கல. அஞ்சாம் மாசத்துல, ஆஸ்பத்திரியில ஒத்தையாக் கெடந்தா. அவ புருசனுக்கு எண்ணெய் எடுக்கிற எடத்துல வேல, ரெண்டு வாரம் அங்க, ரெண்டு வாரம் வீட்டுல, அன்னைக்கு அங்க இருந்தாரு. அவ என்கிட்டச் சொன்னது எப்பன்னா, எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து ஒரு வாரங் கழிச்சு. "ஏண்டி சொல்லல"ன்னு கத்தினேன். "சொன்னா நீ வந்திருவியாம்மா?"ன்னா. இப்ப டாக்டர் படுக்கையிலயே இருக்கணும்னு சொல்லிட்டாராம். நேத்து வீடியோவுல பேசும்போது தலையணையில சாஞ்சுக்கிட்டு, "அம்மா, நீ வந்துருவேல்ல?"ன்னா. சின்னப் பிள்ள மாதிரிக் கேட்டா. வாரேன்டின்னு சொல்லிட்டேன். எந்த தைரியத்துல சொன்னேன்னு தெரியல. நான் போகலேன்னா அவ மறுபடியும் ஒத்தையாக் கெடப்பா, அத மட்டும் நெனச்சே பாக்க முடியல. அண்ணனும் அங்க பக்கத்துல இல்ல. அது நாட்டுக்கு அந்தக் கோடி, சுபா இந்தக் கோடி, பிளேன்ல போகணுமாம். மதினிக்கு இடுப்புல ஆபரேசன், எந்திரிக்க முடியாமக் கெடக்காக, அவுகள விட்டுட்டு அது நகர முடியாது.

சுபாவுக்குக் காது குத்தினப்ப அவ கடிச்ச கடிய அண்ணன் இன்னும் சொல்லிச் சிரிக்கும். தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான காது குத்தணும், எனக்குத்தான் கூடப் பொறந்தவன் இல்லியே, யாரு மடின்னு பந்தல்ல நாலு பேரு பேச ஆரம்பிச்சாக. அண்ணன் கப்பல்லருந்து லீவு போட்டு வந்திருந்துச்சு. சம்மணம் போட்டு உக்காந்து, மொட்ட அடிச்சிருந்த அவளத் தூக்கி மடியில வச்சிக்கிச்சு. எங்க வீட்டுக்காரவுக பக்கத்துப் பெரிய மனுசரு ஒருத்தரு, மெதுவாக் கேக்கிறதா நெனச்சு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "இவரு பொண்ணுக்குக் கூடப் பொறந்தவரா?"ன்னாரு. எனக்குத் தல கவுந்துபோச்சு. அண்ணன் நிமிந்தே பாக்காம, "பொறந்தது அடுத்த தெரு மாமா, மத்ததெல்லாம் இந்த வீடுதான்"னுச்சு. ஆசாரி குத்தவும் சுபா அலறிப்போயி அண்ணன் கட்டவிரலக் கவ்விக்கிட்டா. விடவே இல்ல. ரெத்தம் வந்துருச்சு. "விடுடி விடுடி"ன்னு நான் பிடுங்கப் போறேன், அண்ணன் சொல்லுது, "இருக்கட்டும் பிள்ள, அவளுக்கு ரெண்டு காது வலிக்குது, எனக்கு ஒரு வெரலுதான." இப்படி ஒரு மனுசன எதுல எழுத? எந்தக் கட்டத்துல எழுத? எத்தன பேரு கூடப் பொறந்து, சொத்தப் பிரிச்சுக்கிட்டு, மூஞ்சியக் கூடப் பாக்காம அலையுதாக, அவுக பேரு எல்லாம் அந்தக் கட்டத்துல ஜம்முனு உக்காந்திருக்கும். இதுக்கு எடமில்ல.

இந்த வக்கீல் பிள்ள ஒரு காயிதம் தயார் பண்ணியிருக்காளாம். துஷ்யந்தின்னு பேரு. யாழ்ப்பாணத்துக்காரி, அங்கயே வளந்தவ, சுபா சிநேகிதி யாரோ சொல்லிப் பிடிச்சிருக்கா. நேத்து மொதத் தடவ பேசினா. "அன்ரி, பயப்பிடாதேங்கோ"ன்னு ஆரம்பிச்சா. அன்ரியாம். நான் அவளுக்கு அத்தையா சித்தியா? அவ என்ன அப்படிக் கூப்பிடலாம், எந்த ஆபீசரும் கடுதாசி போட மாட்டான். ஆனா கெட்டிக்காரி. சும்மா சொல்லக் கூடாது. ஜெயசீலன் அப்படிச் சிரிச்சான்ல, இவ சிரிக்கல. நான் ஆதியோட அந்தமா எல்லாத்தையும் ஒளறிக் கொட்டினேன், தம்ளர் கதை வரைக்கும். பொறுமையாக் கேட்டா. கடைசியில ஒரு கேள்வி கேட்டா, "அன்ரி, உங்கட ஊர்த் தமிழில அவரை அண்ணன் எண்டு கூப்பிடாமல் வேற என்னெண்டு கூப்பிடலாம்?" நான் யோசிச்சேன். யோசிச்சுப் பாத்தா வேற வார்த்தையே இல்ல. இத்தன வருசம் வாழ்ந்திருக்கேன், எனக்கு இது தோணலியே. எங்க வீட்டுக்காரவுக, சுபா, கன்சல்டன்சிக்காரன், யாருமே கேக்கல. அவ கேட்டா. படிச்ச பிள்ளைன்னா இப்படி இருக்கணும்னு அப்பவே ஒரு மதிப்பு வந்துருச்சு. அதோட நிப்பாட்டியிருந்தா நான் நேத்தே சரின்னு சொல்லியிருப்பேன். அடுத்தாப்புல சொன்னா, "நீங்கள் ஒரு உறுதிமொழி வைக்க வேணும் அன்ரி. தமிழிலயும் இருக்கும், நீங்கள் வாசிச்சுப் பாத்து ஒப்பம் வைக்கலாம்." வாசிச்சுக் காமிச்சா. சவுந்தரபாண்டி என்பவர் எனது உடன்பிறந்தவர் அல்ல. அந்த 'அல்ல'ங்கிற எடத்துல வந்து நான் நின்னுட்டேன். அதுக்கு மேல அவ என்ன வாசிச்சாள்னே காதுல விழல. நாளைக்குச் சொல்லுதேன் தாயின்னு வச்சிட்டேன்.

அல்ல. இந்த மிஷின் சத்தத்துலயும் அதான் கேக்குது. எழவு, ஒரு வார்த்ததான, எழுதிட்டுப் போக வேண்டியதுதான, யாரு பாக்கப் போறா. அண்ணன் பாக்கும். அதுகிட்டயும் ஒரு காயிதம் எழுதி வாங்கணும்னு சுபா சொன்னா. அது கையெழுத்துப் போடாது. எனக்குத் தெரியும். நான் அந்தக் கல்யாணத்துக்குப் போயி எறங்கினப்ப, ஏர்போர்ட்டுல வெளிய வந்தா, பெரிய அட்டையில தங்கபுஷ்பம்னு எம் பேர எழுதிப் பிடிச்சிக்கிட்டு நிக்குது, கோட்டும் சூட்டும் போட்டுக்கிட்டு, டிரைவரு மாதிரி. "என்ன அண்ணே இது"ன்னா, "ஒன்ன எனக்கு அடையாளம் தெரியாமப் போயிட்டுன்னா?"ங்குது, சிரிச்சிக்கிட்டே அழுகுது. அங்க வேல பாக்கிறவுக, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி, கோயில்ல சந்திச்சவுக, எல்லார்கிட்டயும் மை சிஸ்டர் மை சிஸ்டர்னு ஊரு ஊராக் கூட்டிட்டுப் போயிச் சொல்லுச்சு. அப்படிப்பட்ட மனுசன்கிட்டப் போயி, தங்கச்சி இல்லேன்னு எழுதுன்னா எழுதுமா? அதுக்குக் கை வராது. அது எழுதலேன்னா என் காயிதம் மட்டும் எதுக்கு உதவும்? அப்ப வக்கீல் வேண்டாம். நானே சுபாகிட்டச் சொல்லி, அய்யா, எங்க பழக்கம் இப்படின்னு நாலு வரி எழுதி அனுப்பச் சொன்னா போதாதா? நாலு வரியப் படிச்சு ஆபீசருக்கு வெளங்குமா? கஸின்னு ஒரே மூட்டையாக் கட்டி வச்சிருக்கிறவனுக்கு எப்படி வெளங்கும்? வெளங்கலேன்னா சுபா ஒத்தையாக் கெடப்பா. மறுபடியும் சுத்தி அங்கயேதான் வந்து நிக்கேன். வத்தல் முடிஞ்சிட்டு போல. அண்ணாச்சி அரிசியக் கொட்டுதாரு, செவந்து செவந்து விழுது, பையத் தட்டுதாரு. இன்னும் கொஞ்ச நேரந்தான்.

போன் அடிச்சிருச்சு. வெளிய வாசல்ல வந்து நின்னேன், உள்ள மிஷின் சத்தத்துல கேக்காதுல்ல. "அன்ரி, துஷ்யந்தி கதைக்கிறன். யோசிச்சீங்களோ?" யோசிச்சேன்னேன். "என்ன முடிவு எடுத்தனீங்கள்?" "தாயி, நான் தப்பாச் சொல்லிட்டேன்னு அதுல எழுதுவியா?"ன்னு கேட்டேன். "இல்லை அன்ரி. நீங்கள் சரியாத்தான் சொன்னீங்கள். தமிழில சொன்னது சரி, இங்கிலீசுக்குப் போகேக்கைதான் மாறிப்போச்சு. அத்தை மகனும் பெரியப்பா மகனும் எங்களுக்கு ஒண்டில்லை, இங்கத்தச் சொல்லு ரெண்டையும் ஒண்டாக்கிப்போடும், அதுதான் இவ வேற சொல்லுச் சொல்லேல்லை எண்டு எழுதப்போறன். ஆனா அன்ரி, அந்த ஒரு வரி இருக்கத்தான் வேணும். அது இல்லாட்டி மற்றது ஒண்டும் நிக்காது." எனக்கு மனசு கொஞ்சம் லேசாச்சு. நான் சொல்ல வந்தத அவ சொல்லிட்டா, அதுவும் என்னவிட நல்லாச் சொல்லிட்டா. ஆனாலும் விடல நான். "நான் போட்டாலும் எங்க அண்ணன் போடாதும்மா. அதுகிட்டப் போயி இதக் கேக்காத. அது மனசு தாங்காது"ன்னேன். "அன்ரி"ன்னா, மெதுவா. "அவர் முந்தாநாளே ஒப்பம் வச்சு அனுப்பிட்டார்." யாரு? "உங்கட அண்ணா. சுபா சொன்ன உடனயே எனக்குப் போன் அடிச்சவர். என்னெண்டு எழுத வேணும் எண்டு மட்டும்தான் கேட்டவர். நீங்கள் முடிவெடுக்க முதல் உங்களிட்டச் சொல்ல வேண்டாம் எண்டவர், ஆனா நீங்கள் இப்பிடிச் சொல்லேக்கை நான் எப்பிடி மறைக்கிறது?" "கஷ்டமா இல்லையோ எண்டு நான்தான் கேட்டனான் அன்ரி. அவ மககிட்டப் போயிச் சேரணும், நான் யாரா இருந்தா என்ன எண்டு சொன்னவர்."

நான் யாரா இருந்தா என்னன்னு சொல்லியிருக்கு. முந்தாநாளு. நேத்துக் காலையிலகூட என்கிட்டப் பேசுச்சே, மதினிக்கு இட்லி ஊத்திக் குடுத்தேன், கல்லு மாதிரி வந்துட்டுன்னு சிரிச்சுச்சே, கையெழுத்துப் போட்டுட்டுத்தான் அப்படிச் சிரிச்சிருக்கு. நான் இங்க ஒரு 'அல்ல'வப் பிடிச்சுக்கிட்டு நேத்துலேருந்து தொங்குதேன், அது பாட்டுக்குப் போட்டுட்டுப் போயிருக்கு. எப்படிய்யா முடிஞ்சுது ஒனக்கு. எனக்குப் பெரும வந்ததா அழுக வந்ததான்னு தெரியல, ரெண்டும் சேந்து வந்துச்சு. "அனுப்பும்மா, நான் போடுதேன். நீயே எல்லாத்தையும் பாரு"ன்னு சொன்னேன். போன்லயே வந்துச்சு. தமிழ்ல இருந்தத ஒருக்காப் படிச்சேன், எழுத்துக்கூட்டிப் படிச்சேன், அந்த வரியையும் படிச்சேன். கீழ வெரலாலயே கையெழுத்துப் போடணுமாம். வெரல முந்தானையில தொடச்சிட்டு தங்கபுஷ்பம்னு போட்டேன். மொதத் தடவ கோணிக்கிட்டுப் போச்சு. அழிச்சிட்டு மறுபடியும் போட்டேன். அனுப்பிட்டேன். உள்ளருந்து அண்ணாச்சி, "மதினி, வாங்க, ஒங்களதுதான்"னு கூப்பிடுதாரு. இந்தா வாரேன்னு டப்பாவ அவர்கிட்ட நீட்டிட்டு, மறுபடியும் வாசலுக்கு வந்து அண்ணனுக்குப் போட்டேன். அங்க காலைல காப்பி குடிக்கிற நேரம். ஒரே அடியில எடுத்துருச்சு.

"என்ன பிள்ள, இந்நேரத்துல?" "போட்டுட்டேன் அண்ணே"ன்னேன். "என்னத்த?" "நீ எனக்கு அண்ணன் இல்லேன்னு." தம்ளர வைக்கிற சத்தம் கேட்டுச்சு. பெறகு தொண்டையச் செருமிக்கிட்டு, "அப்பாடா. பெரிய தொல்ல விட்டுது. இனிமே அண்ணே நொண்ணேன்னு நச்சரிக்க மாட்டேல்ல? எங்க, பேரச் சொல்லிக் கூப்பிடு பாப்போம்"னுச்சு. கிண்டலு. அழுகைய மறைக்கிறதுக்கு அது எப்பவும் கிண்டல்தான் பண்ணும். கூப்பிடுதேன், எனக்கென்ன பயமா? அதான் கையெழுத்தே போட்டாச்சுல்லா, யாரு கேக்கப் போறா? கூப்பிட்டுக் காமிக்கேன்னு வாயத் தெறந்தேன். சவுன்னு தொடங்கினேன். அதோட சரி. வயசு இத்தன ஆச்சு, ஒரு நாளு கூட அந்தப் பேர அது மூஞ்சிக்கு நேராச் சொன்னதில்ல நான், பாரத்துல எழுதச் சொன்னா எழுதிருவேன், வாயால வர மாட்டேங்குது. மறுபடியும் முயற்சி பண்ணேன். வரல. ஒரு கையால வாயப் பொத்திக்கிட்டு நிக்கேன், மில்லு வாசல்ல போறவ வாறவ எல்லாம் பாக்கா. "பிள்ள? லைன்ல இருக்கியா?"ன்னு கேக்குது அங்கருந்து. "இருக்கேன் அண்ணே"ன்னு சொன்னேன்.